பக்கத்துக்காரன் சொல்லும் எல்லை

மகன்,

எஸ்பியர்க்கில் எங்கள் கடைக்குப் பின்னால், குளிரறைக் கதவுக்குப் பக்கத்தில், வெங்காயச் சாக்கின் மேல் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். அம்மா முன்னுக்கு நிற்கிறா. "என்ன, இவ்வளவு நேரமா எழுதுறியள்?" என்று ஒருமுறை எட்டிப் பார்த்தா. "சரக்கு ஓடர் எழுதுறன்" என்று பொய் சொன்னேன். இதை ரெலிபோனில் உனக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் ரெலிபோனில் நான் தமிழில் கேட்பேன், நீ டெனிஷில் பதில் சொல்வாய், மூன்றாவது வசனத்தில் எனக்குக் கோபம் வரும், நான்காவதில் நீ "சரி அப்பா, பேந்து கதைப்பம்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும் என்று தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ வானில் ஏற்றிக்கொண்டு போனது இந்த ஒரு கடிதத்துக்காகத்தான் என்று வைத்துக்கொள்.

வுலான் நிச்சய மோதிரத்தைக் கழற்றி உன் டோஸ்ட்ருப் வீட்டு மேசையில் வைத்துவிட்டுச் சிநேகிதி வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகிறது என்று நேற்றுத்தான் அம்மா சொன்னா. நீ என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் தகப்பன் அனுப்பிய பத்திரம் உன் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதில் கையெழுத்து வைக்காதே என்று உனக்குச் சொன்னவன் நான். பிறந்த நாள் தொட்டு நான் சொன்ன எதையும் நீ கேட்டதில்லை. டொக்டருக்குப் படி என்றேன், கடலுக்குள் காற்றாலை நடுகிற படிப்புப் படித்தாய். கார் வாங்காதே, வான் வாங்கு என்றேன், சைக்கிள் வாங்கினாய். கேட்கக் கூடாத ஒன்றை மட்டும் அச்சொட்டாய்க் கேட்டிருக்கிறாய்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையெழுத்து வை. அவசரமென்றால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போய் வைக்கலாம். ஆனால் ஏன் வைக்கிறாய் என்று தெரியாமல் வைத்தால், உபகாரம் செய்கிறவனின் முகத்தோடு வைப்பாய். அந்த முகத்தை எந்தப் பெண்ணும் மறக்கமாட்டாள். எனக்கு அனுபவம் உண்டு. அதனால் மிச்சத்தையும் வாசி. கல்யாணப் பேச்சுக்கு அவளுடைய ஊருக்குப் போன நாங்கள் நாலு பேரில், நீயும் வுலானும் முதல் கிழமையே டென்மார்க் திரும்பிவிட்டீர்கள். ரிக்கற் மலிவு என்று நானும் அம்மாவும் அவர்களுடைய ஊரில் இன்னும் பத்து நாள் நின்றோம். அந்தப் பத்து நாளில் நான் செய்ததை உனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வுலானுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அவளுடைய தகப்பன் சொல்லக்கூடிய ஆள் இல்லை.

பேச்சுக்கால் நடந்த அந்த மத்தியானம் உனக்கு நினைவிருக்கும். விறாந்தையில் பாய் விரித்து, வாழையிலையில் அவித்த பலகாரமும் இனிப்புத் தேத்தண்ணியும் வைத்தார்கள். முன்னால் மெராபி எரிமலை, ஒரு மூலையில் மெல்லிசாய்ப் புகைந்துகொண்டு. வுலானின் தகப்பன் பாக் தர்மோ – பாக் என்றால் நாங்கள் ஐயா என்கிறது மாதிரி – குளித்துத் தலை வாரி, பத்திக் சட்டை போட்டு, தன் தங்கை ரினி ரீச்சரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அந்த ஊரில் ஆங்கிலம் ஓடுகிற ஒரே வாய் ரினி ரீச்சருடையது. எல்லாம் முடிந்து பாதர் ஜெபம் சொல்லப் போகிற நேரத்தில் அந்தக் கடதாசி வந்தது. கல்யாணத்துக்கு முன்பே, அவள் சொத்து அவளுக்கு, உன் சொத்து உனக்கு என்று பிரித்து எழுதி நீ கையெழுத்து வைக்கவேண்டும். டெனிஷில் எக்தபக்ட் என்பார்களே, அதே சாதிதான்.

நான் சிரித்துக்கொண்டு "பேந்து பாப்பம்" என்றேன். உன்னைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்கமாட்டாய்.

"எங்களை ஆரெண்டு நினைச்சிருக்கினம்? அவையின்ரை நாலு பாத்தி மிளகாய்த் தோட்டத்தைப் பிடிக்கவோ டென்மார்க்கிலை இருந்து பிளேன் ஏறி வந்தனாங்கள்?"

"அப்பா, அது வெறும் பேப்பர்."

"வெறும் பேப்பர் எண்டு ஒண்டு இல்லையடா. கையெழுத்துக் கேக்கிறவன் எல்லாரும் ஏதோ ஒண்டைப் பறிக்கத்தான் கேக்கிறான். வைக்காதை."

நான் அப்படிச் சொன்னதற்கு ஒரு சரித்திரம் உண்டு. கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போன காலத்தில் எனக்கு டெனிஷ் வாசிக்கத் தெரியாது. பஸ்சும் இல்லாத ஊர். ஒருவன் பழைய வான் ஒன்றைக் காட்டி, கடதாசி நீட்டி, இங்கே வை என்றான், வைத்தேன். வானின் அடிப்பாகம் முழுக்கத் துருவேறிக் கறள். அந்தக் கறள் வானில்தான் அரிசியும் தூளும் கருவாடும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்த் தமிழ் வீடுகளுக்கு விற்றேன். பனியில் கதவு திறக்காது. பின்பக்கத்தால் ஏறி முன்னுக்கு வந்து ஓட்டுவேன். அந்த வானிலிருந்துதான் இந்தக் கடை வந்தது. ஆனால் அதற்குப் பிறகு யார் கடதாசி நீட்டினாலும் எனக்குக் கண்ணில் கறள்தான் தெரியும். வியாபாரிக்குச் சந்தேகம் நல்லது, நான் மறுக்கவில்லை. ஆனால் அது கடைக்குள் போட்டுக்கொள்கிற உடுப்பு. அதைக் கழற்றாமல் சம்பந்தி வீட்டுப் பாயில் போய் இருந்தேன்.

நீங்கள் போன பிறகு, வுலானின் பங்கு என்று அவர்கள் சொன்ன அந்தத் தோட்டத்தைப் பார்க்கப் போனேன். மேலே மிளகாயும் முட்டைக்கோவாவும். கீழே சலாக் மரங்கள். பாம்புச் செட்டை மாதிரித் தோல் உள்ள பழம், நீ இரண்டு கிலோ தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தாயே, அது. மண்ணை அள்ளிப் பார்த்தேன். கறுப்பு. எரிமலைச் சாம்பல் விழுந்து விழுந்து ஊறிய மண்; தடியை ஊன்றினால் தளிர்க்கும். எனக்கு வாயூறியது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் சுற்றிப் பார்த்தால் வேலி இல்லை. ஒரு வேலியும் இல்லை! மூலைக்கு மூலை சிவப்பு இலைச் செடி ஒன்று நிற்கிறது, அவ்வளவுதான். நடுவால் ஒற்றையடிப் பாதை ஓடுகிறது. ஊர்ச் சனமெல்லாம் புல்லுக்கட்டோடு அதால் போய்வருகிறது.

யாழ்ப்பாணத்தானுக்கு வேலியில்லாத காணியைப் பார்த்தால், உடுப்பில்லாத ஆளைப் பார்த்த மாதிரி. எங்கள் ஊரில் ஒரு சாண் நகர்ந்த வேலிக் கதியாலுக்காக இரண்டு தலைமுறை கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. என் தகப்பனும் பெரியப்பாவும் பூவரசங்கதியால் ஒன்றுக்காகப் பதினாறு வருடம் முகம் பார்க்கவில்லை. பெரியப்பாவின் செத்தவீட்டுக்கு என் தகப்பன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் அழுதார். அந்த இரத்தம்தான் எனக்குள்ளும் ஓடுகிறது. கடதாசியில் எங்களை அவமதித்தார்கள், நாங்கள் பெருந்தன்மை காட்டுவோம் என்று நினைத்தேன். மருமகளுக்கு என் கல்யாணப் பரிசாக அந்தக் காணிக்கு வேலி போட்டுக் கொடுப்பதென்று தீர்மானித்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. பரிசு என்றால் சொல்லிவிட்டா கொடுப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்கும், பூசை முடிந்து பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கும் போனார்கள். முழங்கால் நோகிறது என்று நான் நின்றுவிட்டேன். முதல்நாளே கீழே சந்தையில் முள்ளுக்கம்பி வாங்கி, மணல் ஏற்றுகிற லொறிக்காரனிடம் கொண்டுவரச் சொல்லி வைத்திருந்தேன். அவனும் அவன் கூட்டாளியும் மூங்கில் வெட்டி நட்டார்கள். கைப்பாசைதான். பின்னேரம் நான்கு மணிக்குள் நான்கு பக்கமும் மூன்று நிரைக் கம்பி. யாழ்ப்பாணத்தில்கூட அவ்வளவு நேரான வேலி நான் கண்டதில்லை.

அவர்கள் திரும்பி வந்தார்கள். பாக் தர்மோ வேலிக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு சிரித்து, "பாகுஸ், பாகுஸ்" என்றார். நல்லது, நல்லது என்று அர்த்தம். ரினி ரீச்சர் நிலத்தைப் பார்த்தா. எனக்குத் தேத்தண்ணி வந்தது, வழமையைவிட இனிப்பாய். உன் அம்மா மட்டும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிட்ட வந்தா.

"இஞ்சையும் வந்து வேலி போட்டிட்டியளோ?"

"மருமேளுக்குத்தானே போட்டனான்."

"மருமேள் கேட்டவளோ?"

"நல்லது எண்டு அந்த மனுசனே சொல்லுறார், நீ பேசாமல் இரு."

"அந்தாள் உங்கடை முகத்துக்குச் சொன்னது. வேலியைப் பாக்கேக்க அந்தாளின்ரை முகத்தை நான் பாத்தனான்."

மூன்று நாள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சனத்துக்கு மறுத்துச் சொல்கிற பழக்கம் இல்லை. விருந்தாளிக்கு அறவே இல்லை. ஆனால் காலையில் புல்லுக்கு மேலே போகிற ஆட்கள் என் கண்ணில் படாமல் போனார்கள். எங்கே என்று பார்த்தால், ஆற்றுப் பள்ளத்துக்குள் இறங்கி, மறுகரையால் ஏறி, பெரிய வட்டமடித்துத் தலையில் புல்லுக்கட்டோடு வருகிறார்கள். என்னைக் கண்டதும் சிரித்துத் தலை குனிந்து வணக்கம் வேறு.  ஆனாலும் நான் விடவில்லை. வேலியில் வாசல் ஒன்று விட்டுக் கொடுத்தால் சரி, சாவியை வுலானின் தகப்பனிடம் கொடுப்போம் என்று கணக்குப் போட்டேன். பார், அப்போதும் சாவி என்றுதான் யோசித்திருக்கிறேன்.

நான்காம் நாள் மத்தியானம் மலை உறுமியது. இடி என்று நினைத்தேன். அம்மா கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்கப் போய், "இஞ்சேருங்கோ, மழை இல்லை, இது வேறை" என்று கூப்பிட்டா. சேலையில் சாம்பல். மா அரிக்கும்போது பறக்குமே, அப்படி மெதுவாய் விழுந்தது. எங்கேயோ ஒருவன் குடைந்த மரத்துண்டைத் தட்டத் தொடங்கினான். வீட்டுக்கு வீடு அந்தச் சத்தம் ஓடியது. ஒருவரும் கத்தவில்லை. அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஆணியில் ஒரு பை தொங்குவதை நீயும் பார்த்திருப்பாய். அதற்குள் காணிப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம், ஒரு மாற்றுடுப்பு. மலை உறுமினால் அந்தப் பையும் மாடும் இறங்கும். மற்றதெல்லாம் மலைக்கு. மாடுதான் முதலில், பயந்த மாட்டைப் பிறகு இறக்க ஏலாது.

மேல் வீடுகளிலிருந்து மாடுகள் இறங்கின. அவற்றுக்குப் பழக்கமான பாதை அந்த ஒற்றையடிப் பாதை. இறங்கி வந்து என் கம்பிக்கு முன்னால் நின்றுவிட்டன. பதினொரு மாடுகள். நான் எண்ணினேன், வேறென்ன செய்வது? பள்ளத்துக்குள் இறக்க முடியாது. மலை உறுமினால் ஆற்றுப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது என்பது அங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். மாட்டுக்காரர் எல்லோர் இடுப்பிலும் கத்தி இருந்தது. ஒருவரும் கம்பியை வெட்டவில்லை. சாம்பல் தலையில் விழ விழ நின்றார்கள். அடுத்தவன் காணியில் அடுத்தவன் போட்டது. அவன் வரட்டும் என்று நின்றார்கள்.

பாக் தர்மோ தன் இரண்டு மாட்டையும் விட்டுவிட்டு ஓடி வந்தார். கையில் கத்தி. வந்தவர் வேலியில் கை வைக்கவில்லை, மகன். திரும்பி என்னைப் பார்த்தார். அவருடைய ஊர், அவருடைய மண், அவருடைய மகளின் தோட்டம். ஒரு கம்பியை வெட்ட என் முகத்தைப் பார்த்து உத்தரவு கேட்டார். என் வாழ்க்கையில் என்னை ஒருவரும் அப்படிச் சிறுமைப்படுத்தியதில்லை. அவர் அதை நினைத்தும் செய்யவில்லை.

கத்தியை வாங்கி நானே வெட்டினேன். முள்ளுக்கம்பி சுருண்டு வந்து முழங்கையைக் கீறியது. கையில் என்ன காயம் என்று நீ வீடியோக் கோலில் கேட்டபோது, கடையில் தகரம் வெட்டியது என்றேன். அது பொய். மாடுகள் என்னை உரசிக்கொண்டு இறங்கின. ஒவ்வொரு ஆளும் கடக்கும்போது "மாத்தூர் நுவுன்" என்றார்கள். என்னவென்று பிறகு கேட்டேன். நன்றி என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு!

மலை அன்று பெரிதாய் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு இரவு கீழே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தோம். பிறகு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வந்த அன்றே மிச்ச வேலியைப் பிடுங்கத் தொடங்கினேன். பாக் தர்மோவும் வந்து மற்ற மூலையிலிருந்து பிடுங்கினார். ரினி ரீச்சர் சாம்பல் படிந்த மிளகாய்ச் செடிகளைத் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தா. அவவிடம் கேட்டேன்: வேலி இல்லாமல் எப்படி? சண்டை வராதா?

அவ சொன்னது இது. சில வருடங்களுக்கு முன் மலை மெய்யாகவே வெடித்து, இந்த ஊரே சாம்பலுக்குள் போனது. மாதக்கணக்கில் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால் பாதை இல்லை, பாத்தி இல்லை, சிவப்புச் செடி இல்லை. மலையிலிருந்து ஆறு வரை ஒரே சாம்பல் பாய். எது யாருடைய காணி? அப்போது ஊர் கூடி, தங்கள் பழைய முறைப்படியே செய்தார்களாம். தன் எல்லையைத் தான் சொல்லக் கூடாது. பக்கத்துக்காரன்தான் சொல்ல வேண்டும். நீ வாயை மூடிக்கொண்டு நிற்பாய். உன் பக்கத்துக்காரன் நடந்து போய், "இவருடையது இதுவரை" என்று ஒரு செடியை நடுவான். பிறகு அவன் வாயை மூடிக்கொள்வான், நீ அவனுக்கு நடுவாய்.

"குறைச்சுச் சொல்லமாட்டார்களா?" என்று கேட்டேன். கடைக்காரன் புத்தி.

ரினி ரீச்சர் சிரித்தா. "சொல்லலாம். ஆனால் அடுத்ததாக உங்கள் எல்லையைச் சொல்லப்போவது அவர்தானே. அதற்குப் பிறகும் அவரோடுதான் மலையிலிருந்து இறங்க வேண்டும்."

பிறகு அந்தக் கடதாசியைப் பற்றியும் சொன்னா. நான் சட்டம் படித்தவனில்லை. எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். அங்கே வெளிநாட்டவன் காணி வைத்திருக்க ஏலாது. பிரித்து எழுதாமல் கல்யாணம் முடித்தால் புருசன் பெண்சாதி சொத்து ஒன்று என்று ஆகிவிடும். பிறகு உன்னாலேயே அவளுக்குக் காணி கைவிட்டுப் போகிற நிலை வரலாம். உன்னிடமிருந்து எதையும் காப்பாற்ற அவர்கள் அந்தக் கடதாசியை நீட்டவில்லை. நான் அதைத் திருடனுக்குப் போடுகிற பூட்டு என்று நினைத்தேன். "என் அண்ணன் உங்கள் மகனைப் பக்கத்துக்காரனாக ஏற்றுக்கொண்டுதான் கேட்டார்" என்றா. "வுலானுடைய எல்லையை வுலான் சொல்லக் கூடாது. அவர் சொல்ல வேண்டும்."

இதை அன்றே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் கடையில் பிழையான பொருள் கொடுத்துவிட்டால், ஆள் வாசலைத் தாண்டினாலும் பின்னால் ஓடிப் போய் மாற்றிக் கொடுப்பேன். அதை நீ சின்ன வயதில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாய். மகனுக்குக் கொடுத்த பிழையான புத்தியை மாற்றிக் கொடுக்க எனக்கு ஐந்து கிழமை எடுத்திருக்கிறது. வெட்கம்தான் காரணம். அந்த வெட்கம் வேலியோடு நின்றிருந்தால் வந்த அன்றைக்கே சொல்லியிருப்பேன். அது அதற்கு முன்னாலும் போகிறது.

உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது முதல்தரம் ஊருக்குப் போனோம். சின்னம்மா வீட்டில் மழை பெய்தபோது நீ காதைப் பொத்திக்கொண்டு, "ஏன் சின்னம்மா வீடு தகரம்?" என்று கேட்டாய். "இன்னும் கட்டி முடியேல்லை" என்று சொன்னேன். அதுவும் பொய். சின்னம்மா இருக்கிற அந்த ஆறு பரப்பும் உன் அம்மாவுக்குச் சீதனமாய் வந்த காணி. சண்டைக் காலம் முழுக்க அதைவிட்டு ஓடியும் திரும்பி வந்தும் காத்தவள் சின்னம்மா. சண்டை முடிந்து கல்வீடு கட்ட உதவி வந்தபோது, காணி உறுதிப் பத்திரம் சின்னம்மாவின் பெயரில் இருக்கிறதா என்று கேட்டார்கள். அம்மா தங்கச்சிக்கு எழுதிக் கொடுக்க ஓம் என்றா. ஆனால் எங்கள் தேசவழமைச் சட்டத்தில் பெண்சாதியின் காணியைப் பெண்சாதி கொடுக்கவும் புருசன் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அவளுக்கு அவள் தகப்பன் கொடுத்த காணிக்கு என் கையெழுத்து!

நான் வைக்கவில்லை. காணி விலை ஏறுகிறது, பிள்ளைக்கு இருக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றேன். உன் பெயரைச் சொல்லித்தான் மறுத்தேன், அதையும் நீ தெரிந்துகொள். அம்மா ஒருமுறைதான் கேட்டா. இரண்டாம் முறை கேட்கவில்லை. சண்டை பிடிக்கவில்லை, அழவில்லை, சோறு போடுவதை நிறுத்தவில்லை. நானும், விளங்கிக்கொண்டா, விசயம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த உதவி வேறு ஆளுக்குப் போனது. சின்னம்மா தகரத்துக்குக் கீழே பிள்ளைகளை வளர்த்தா. பாக் தர்மோ கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபோது, அந்தப் பார்வையை எங்கேயோ கண்டிருக்கிறேனே என்று பட்டது. திரும்பினேன். பின்னால் சாம்பல் விழுந்த சேலையோடு உன் அம்மா நின்றா. அவவும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா.

வுலான் இப்போது பேசாமல் இருக்கிறாள் என்று நீ கவலைப்படுகிறாய். மோதிரத்தைக் கழற்றி வைத்தாளே, அதற்குச் சந்தோசப்படு. அது பேச்சுத்தான். கழற்றாமல், ஒன்றும் கேட்காமல், சோறு போட்டுக்கொண்டு முப்பது வருடம் இருக்கிற பெண்கள் உண்டு. அந்த மௌனம் புருசனுக்குக் காதில் விழாது. உனக்கு அப்படி வரக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். அவளுடையதை அவளுடையது என்று நீ சொல். உன்னுடையதை அவள் சொல்லட்டும். பிறகு இருவருமாய் எந்த மலையிலிருந்தும் இறங்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை, சரக்கெடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சின்னம்மாவுக்கு அந்த ஆறு பரப்பையும் எழுத எனக்குச் சம்மதம் என்று கையெழுத்து வைத்து அத்தாட்சி எடுத்துக்கொண்டு வந்தேன். ஊரில் உறுதி எழுதுகிற நொத்தாரிசு கேட்டபடி எல்லாம் சரி. வீடு கட்டுகிற உதவிக் காலம் போய்விட்டது, காணியாவது போகட்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வியாபாரத்தில் எந்தச் சரக்கையும் பேசி விற்பேன். இதற்கு எனக்கு வாய் வரவில்லை.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்த வேண்டி வந்தது. அம்மா பின்னுக்கு வந்துவிட்டா.

"ஓடர் இவ்வளவு நீளமோ? ஆருக்கு?"

நான் கடிதத்தைக் கொடுக்காமல், சம்மதப் பத்திரத்தைக் கொடுத்தேன். கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டு, நின்றபடியே வாசித்தா. இரண்டுதரம் வாசித்தா. முன்னுக்கு யாரோ மணியடித்தார்கள், அவ போகவில்லை. இந்தக் கடை திறந்த நாள் தொட்டு அம்மா மணிக்குப் போகாமல் நின்றதை நான் இன்றைக்குத்தான் கண்டேன்.

"இதை ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

"பதினொரு மாடு."

அம்மா சிரிக்கவில்லை. பத்திரத்தை நான்காய் மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தா. அந்தக் கைப்பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவினா. போகிற வழியில் நின்று, திரும்பாமலே சொன்னா:

"மகனுக்குத்தானே எழுதுறியள்? அந்தப் பிள்ளையிட்டைப் போகேக்க வெறுங்கையோடை போகவேண்டாம் எண்டும் எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். பூ வேண்டாம், இனிப்பு வேண்டாம். லாச்சிக்குள் கிடக்கிறதை எடு. பேனையைக் கொண்டு போ.

அப்பா